கொருக்குப்பேட்டை கேட்டில் பாதி ஆல்பம்

ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் கடப்பதற்குள் கிங் கிஸ்ஸார்ட் அண்ட் த லிஸார்ட் விஸார்ட் ராக் குழுவின் 'ஃபாண்டம் ஐலண்ட்' பாதி முடிந்துவிட்டது. 2025 ஜூனில் வந்த ஆல்பம். இந்த ஆஸ்திரேலியர்களுக்கு இது 27ஆவது. 2017இல் மட்டும் ஐந்து! அவற்றில் ஒன்றை, யார் வேண்டுமானாலும் இசைத்தட்டாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று இலவசமாகவே கொடுத்தார்கள்.

இம்முறை ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்திருக்கிறது. குழல்கள் அருமை, வயலினில் மட்டும் சர்க்கரை தூக்கல். எனக்குப் பழைய கரகரப்புதான் வேண்டும். அதற்கு ஓசீஸ் என்ற அமெரிக்க ராக் குழு இருக்கிறது. அவர்களின் இரண்டு டிரம்மர்கள் ஒருசேர அடிப்பதைச் சாவு மேளம் கேட்டு வளர்ந்தவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"என்ன தம்பி, தலை இப்படி ஆடுகிறது?" என்றார் பக்கத்து ஆட்டோ அண்ணன். ஒரு பக்க இயர்போனைக் கொடுத்தேன். கேட் திறந்த பிறகும் அவர் அதைத் திருப்பித் தரவில்லை.