மூன்றாவது கேத்தில்

ஒன்றரை வருடத்துக்குள் இது மூன்றாவது கேத்தில். முதலாவது போனபோது சாமான் சரியில்லை என்று நினைத்தேன், இரண்டாவது போனபோது கரண்ட் ஏறி இறங்குகிறது என்று நினைத்தேன், மூன்றாவதும் தண்ணீர் கொதிக்கும் முன்னமே டக்கென்று நிற்கத் தொடங்கியதும் அதைத் தூக்கிக்கொண்டு திருகோணமலை டவுனுக்குப் போய், சாமான் திருத்துகிற அண்ணையின் மேசையில் கொஞ்சம் கோபமாகவே வைத்தேன். ஏழு வெந்நீர்க் கிணறு இருக்கிற கன்னியாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு கோப்பை வெந்நீருக்கு இந்தப் பாடா!

அவர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். பிளக்கைக்கூடக் குத்தவில்லை. "தம்பிக்கு வீடு உப்புவெளிப் பக்கமோ?"

எப்படித் தெரியும் என்றேன். கேத்திலைக் கவிழ்த்து அடியில் இரண்டு தட்டுத் தட்டினார். மேசையில் விரித்திருந்த பேப்பரில் வெள்ளையாகப் பொருக்குப் பொருக்காகக் கொட்டியது, முட்டைக் கோதை நொறுக்கிப் போட்ட மாதிரி. முட்டைக் கோது என்று சொன்னது சும்மா இல்லை, இரண்டும் ஒரே சாமான்தான், கல்சியம் காபனேற்று, அதாவது சுண்ணாம்புக்கல். "கிணத்துத் தண்ணிதானே ஊத்துறீங்க? கந்தளாய்த் தண்ணி குடிக்கிற ஆக்களின்ர கேத்தில் இப்பிடி வராது" என்றார்.

பிடித்துவிட்டார். எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர். முற்றத்து பைப்பில் வருவது கந்தளாய்க் குளத்துத் தண்ணீர், நீர் வழங்கல் சபையின் லைன். குசினியிலும் குளியலறையிலும் டப்பைத் திறந்தால் வருவது மேலே இருக்கிற தாங்கித் தண்ணீர், அதை மோட்டர் போட்டு நிரப்புவது கிணற்றிலிருந்து. சிப்பித் தூளும் மணலும் கலந்த கடற்கரை நிலத்தில் தோண்டிய கிணறு. மழைநீர் அந்த மணலுக்குள்ளால் இறங்கும்போது காபனீரொட்சைட்டின் தயவில் சிப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, தண்ணீரில் கரைந்து நிற்கிற இருகாபனேற்றாகக் கொண்டுவருகிறது. பள்ளிக்கூடத்தில் வன்னீர், மென்னீர் என்று பாடமாக்கினோமே, அதுதான் இது. பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும், குடித்தாலும் ஒன்றும் செய்யாது. சூடாக்கினால்தான் வில்லங்கம்: கரைந்திருந்த வாயு வெளியே போய்விடும், சுண்ணாம்பு திரும்பக் கல்லாகிச் சூடான இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்ளும். சீனியைச் சுடுதண்ணீரில் போட்டால் நன்றாகக் கரையும். கல்சியம் காபனேற்று நேர் எதிர், சூடு ஏற ஏறக் கரைய மாட்டேன் என்கிறது.

அண்ணை சொன்னதை வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இலங்கைக் குடிநீருக்கான எஸ்.எல்.எஸ். 614 தரத்தில் மொத்த வன்மைக்கு, அதாவது கல்சியம் காபனேற்றாகக் கணக்கிடுகிற அளவுக்கு, எல்லை லீற்றருக்கு 250 மில்லிகிராம். எங்கள் கிணறு சரியாக அந்த எல்லையில்தான் நிற்கிறது என்று வைத்தால்கூட, ஒரு நாளைக்குப் பத்து லீற்றர் கொதிக்கிற வீட்டில் இரண்டரை கிராம் கேத்திலுக்குள் போகிறது. எல்லாம் படியாது, ஒரு கிராம் படிந்தாலும் மாதம் முப்பது கிராம். அந்தப் பொருக்கு சூட்டை நன்றாகக் கடத்தாது, ஆகவே அடித்தட்டு தண்ணீருக்குக் கொடுக்க வேண்டிய சூட்டைத் தானே வைத்துக்கொண்டு கொதித்துப்போய், தண்ணீர் கொதிக்கு முன்னமே கட்டோஃப், சூடு மிஞ்சினால் தானாக நிறுத்துகிற சுவிட்ச், விழுகிறது. கரண்ட் பில்லும் சும்மா ஏறுகிறது.

இதில் எனக்கு வெட்கம் என்னவென்றால், அம்மாவுக்கு இது எப்போதோ தெரியும். வெள்ளிக்கிழமைக் கடலைக்கு எப்போதும் முற்றத்து பைப்பில்தான் தண்ணீர் பிடிப்பா. "கிணத்துத் தண்ணியில கடலை அவியாது, கல்லு மாதிரிக் கிடக்கும்" என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறா, நான் அதை ஒரு பழங்காலக் கதையாக நினைத்திருந்தேன். உண்மையில் தண்ணீரில் இருக்கிற கல்சியம் கடலையில் இருக்கிற பெக்டின் என்கிற பசையைப் பிடித்து இறுக்கிவிடுகிறது. பிளேன்டீயில் மேலே மினுமினுவென்று ஆடை கட்டுவதும் இதனால்தான், இரண்டு சொட்டுத் தேசிக்காய் விட்டால் அது காணாமல் போகிறது.

வாஷிங் மெசின் விஷயத்தில் ஆட்கள் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். எங்களைப் போல மேலே திறக்கிற, பச்சைத் தண்ணீரில் தோய்க்கிற மெசினில் சூடாக்கிற பகுதியே இல்லை, பிறகு எங்கே பொருக்குக் கட்டுவது? அங்கே பிரச்சினை வேறு. தண்ணீர் வருகிற குழாய் மெசினோடு சேருகிற இடத்தில் ஒரு சின்ன வலை இருக்கிறது, அதில் மணலும் சுண்ணாம்பும் அடைத்துத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரும், நாங்கள் மெசின் பழுது என்று ஆளைக் கூப்பிடுவோம். டப்பைப் பூட்டிவிட்டுக் குழாயைக் கழற்றி, குறட்டால் வலையை மெல்ல இழுத்து வினாகிரியில் ஊறப்போட்டால் முடிந்தது. சவுக்காரம் நுரைக்காமல் திரளாவதற்கும் துவாய் காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைப்பதற்கும் வலை துப்புரவாக்கி ஒன்றும் ஆகாது, அது தண்ணீரின் குணம். நீராவி அயன் பொக்ஸுக்கு மட்டும் தயவுசெய்து கிணற்றுத் தண்ணீர் விடாதீர்கள். அக்காவின் வெள்ளைச் சட்டையில் விழுந்த கறை பற்றி எழுத எனக்கு இப்போது தைரியம் இல்லை.

மெழுகுதிரி மாதிரி இருக்கிற பீங்கான் பில்டரில் விட்டு எடுத்தால் சரிதானே என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டா. இல்லை மாமி, அது ஊத்தையையும் கிருமியையும் பிடிக்கும், கரைந்திருக்கிறதைப் பிடிக்காது. குழாயில் காந்தம் கட்டினால் போதும் என்று விற்கிறவர்களை நான் நம்பவில்லை.

கேத்திலை அண்ணை திருத்தவில்லை, காசும் வாங்கவில்லை. பாதி வினாகிரி பாதித் தண்ணீர் விட்டு ஒருக்காக் கொதிக்க வைத்து, ஒரு மணித்தியாலம் விடச் சொன்னார். வினாகிரியை ஊற்றியதும் உள்ளே சோடா உடைத்த மாதிரி பொங்கியது, குசினி முழுக்க ஊறுகாய் மணம். ஊற்றிக் கழுவிப் பார்த்தேன், அடித்தட்டில் என் முகம் தெரிந்தது. (கழிவறை கழுவுகிற குளோரினோடு மட்டும் வினாகிரியைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.)

இப்போது கேத்திலுக்கு முற்றத்து பைப்தான். முதல் இரண்டு கேத்திலையும் பழைய போத்தல் எடுக்க வந்தவரிடம் கொடுத்துவிட்டேன். அதில் இரண்டாவது வாங்கி ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை.