ஒரு வாத்தும் விழவில்லை

போன மாதம் உவர்மலையில் அம்மா வீட்டு அலுமாரியை ஒதுக்கும்போது என்னுடைய பழைய ரீவி கேம் பெட்டி அகப்பட்டது. இரண்டு கைப்பிடி, ஒரு கறுப்புத் துப்பாக்கி, '9999 இன் 1' என்று புளுகும் ஒரு கசற் (உள்ளே இருப்பது பத்தோ பன்னிரண்டோ கேம்தான், மிச்சமெல்லாம் அதுகளே வேறு பெயரில்). திருகோணமலை உப்புக்காற்றில் எந்த உலோகம் தப்பியது, கசற்றின் பல்லெல்லாம் பச்சை பிடித்துக் கிடந்தது. சின்ன வயதில் படம் வராவிட்டால் கழற்றி 'பூ' என்று ஊதுவோம், அந்த ஈரம் பட்டுத்தான் இன்னும் கெட்டிருக்கும். இந்த முறை அழிறப்பரால் தேய்த்தேன். மூன்றாம் தரம் மரியோ வந்தது.

அக்காவின் மகனுக்குப் பன்னிரண்டு வயது. "மாமா, எல்லாம் சதுரம் சதுரமா இருக்கு" என்றான், முதல் காளானிலேயே செத்தான், பிறகு ஒரு மணித்தியாலம் கைப்பிடியை எனக்குத் தரவே இல்லை. 1985இல் வந்த கேம், முழுவதும் 40 கிலோபைட், நீங்கள் வட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு படமே அதைவிடப் பெரிது. ஆனால் பட்டனைத் தட்டினால் சின்னத் துள்ளல், அமத்திப் பிடித்தால் உயரத் துள்ளல், ஓடிவந்து நின்றால் கொஞ்சம் வழுக்கும். செத்தால் பிழை தன்னுடையது என்று விளையாடுகிறவனுக்கே தெரியும், அதனால்தான் திரும்பத் திரும்பத் தொடங்குகிறான்.

அந்தத் தைரியத்தில் மடிக்கணினியில் 1996ஆம் ஆண்டு டோம்ப் ரைடரைப் போட்டுக் காட்டினேன். அந்த நாளில் வாயைப் பிளந்து பார்த்த கேம். இப்போது அதன் நாயகி லாரா திரும்புவதைப் பார்த்தால் ஒழுங்கைக்குள் லொறி திருப்புவதுபோல இருக்கிறது. குழியைத் தாண்ட ஒரு எட்டுப் பின்னால் துள்ளி, பிறகு ஓடி, விளிம்புக்கு முன்னமே பட்டனை அமத்தவேண்டும். நிலமெல்லாம் ஒரே அளவுச் சதுரம் என்பதால் கணக்குப் பிழைக்காது, கணக்குப் பிடித்தவர்களுக்கு இன்றைக்கும் நல்ல கேம்தான். அவன் பத்து நிமிடத்தில் எழும்பிவிட்டான். உண்மையைச் சொன்னால் நானும் அரை மணித்தியாலம் தாண்டவில்லை. முகமெல்லாம் முக்கோணமாக இருந்தது ஒரு பொருட்டே இல்லை, கண் பழகிவிட்டது, விரல்தான் பழக மாட்டேன் என்றது.

துப்பாக்கியின் கதை வேறு. வாத்துச் சுடும் டக் ஹன்ட் கேமைப் போட்டோம், ஒரு வாத்தும் விழவில்லை. மருமகன் என்னுடைய குறியைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுதமாட்டேன். அந்தத் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, பார்க்கத்தான் செய்கிறது: விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து நின்ற இடத்தில் வெள்ளைப் பெட்டி ஒன்று மின்னும், குழாய்க்குள் இருக்கும் கண்ணுக்கு அந்த வெளிச்சம் பட்டால் வாத்து விழும். பழைய கண்ணாடி ரீவி அதை அந்தக் கணத்திலேயே கீறிவிடும். இப்போதைய தட்டை ரீவி படத்தை வாங்கி, யோசித்து, பிந்திக் காட்டுகிறது, அதற்குள் துப்பாக்கி 'தப்பிவிட்டது' என்று முடிவெடுத்துவிடும். நாங்கள் சின்னனில் திரையிலேயே குழாயை முட்டவைத்துச் சுட்டு வென்றோம். இதில் அந்தக் களவும் சரிவரவில்லை.

இப்போது அவனுக்கு வாத்துச் சுட்டே ஆகவேண்டுமாம். பக்கத்து வீட்டு மாமியிடம் 21 அங்குலக் கண்ணாடி ரீவி ஒன்று இன்னும் இருக்கிறது, ஆனால் அதற்கு மேல்தான் சாமிப்படங்களை அடுக்கி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை விட்டுக் கேட்டுப் பார்க்கவேண்டும்.