சபை நூலகத்துக்கு 1,500 வெள்ளி

எங்கள் கிறிஸ்தவ சபைக் கமிட்டி இந்த வருஷம் நூலகத்துக்கென்று 1,500 வெள்ளி ஒதுக்கியது. நான் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதுகிறவள். அதனால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "கணக்குத் தெரிஞ்சவங்க கையில குடுத்துட்டா நாளைக்குக் கேள்வி வராது" என்றார் செயலாளர். கேள்வி வரத்தான் செய்தது. ஆனால் காசைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஏன் அந்தப் புத்தகத்தை வாங்கவில்லை, ஏன் இதை வாங்கினீர்கள் என்றுதான் கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் நின்று பதில் சொல்வதைவிட எழுதிவிடலாம். வேறு தோட்டத்துச் சபைகளில் இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் பயன்படும்.

நூலகம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மலேசியாவில், நெகிரி செம்பிலானின் பகாவ் பட்டணத்தில் ஆலயத்தை ஒட்டிய ஹாலில் கண்ணாடிக் கதவு வைத்த இரண்டு இரும்பு அலமாரி, ஒரு நீள மேசை, ஒரு மின்விசிறி. அவ்வளவுதான். வருகிறவர்களில் பாதிப் பேர் தோட்டத்தை விட்டுத் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிவந்துவிட்டவர்கள். ரப்பர்ப் பால்மரம் நின்ற இடமெல்லாம் இப்போது செம்பனை. மீதிப் பேர் இன்னும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்துதான் வருகிறார்கள்.

அலமாரி காலியாக இருந்ததே இல்லை. வீடு மாறும்போதும், தாத்தா இறந்த பிறகும், எறிய மனம் வராத புத்தகங்களை ஆலயத்தில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். அப்படிச் சேர்ந்தவற்றில் மேத்யூ ஹென்றி என்ற பழைய காலத்துப் போதகரின் வேதாகம விளக்கவுரை மட்டும் இரண்டு செட். அப்படியிருக்க, புதுப் பதிப்பாக இன்னொரு செட் வாங்கலாம் என்று ஒரு மூப்பர் ஆசைப்பட்டார். தங்க எழுத்து, தடித்த அட்டை, அலமாரியில் வைத்தால் பார்க்க அழகுதான். ஆனால் ஹென்றி 1714இல் இறந்தவர். அப்போஸ்தலர் நடபடிகள் வரைதான் அவர் கை. ரோமர் முதல் வெளிப்படுத்தல் வரை அவர் விட்டுப்போன குறிப்புகளையும் வைத்து மற்றப் போதகர்கள் முடித்தார்கள். தியானத்துக்கு இன்றைக்கும் அருமையான நூல். ஆனால் ஒரு விவரத்தைத் தேடி எடுப்பதற்கு அது ஆகாது. தியானப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் மெதுவாக வாசிக்கலாம். குறிப்பு நூல் அலமாரியிலேயே இருக்க வேண்டும், யாராவது சந்தேகத்தோடு வந்தால் ஐந்து நிமிஷத்தில் பதில் தர வேண்டும். எங்கள் கமிட்டியில் பாதி வாக்குவாதம் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் வந்ததுதான்.

சரி, என்ன பதில் வேண்டும் என்று முதலில் தெரிய வேண்டாமா? ஒரு பள்ளிக்கூட நோட்டை நூலில் கட்டி அலமாரிக் கைப்பிடியில் தொங்கவிட்டேன். என்ன தேடி வந்தீர்களோ அதை எழுதிவிட்டுப் போங்கள், பெயர் வேண்டாம் என்று ஒட்டி வைத்தேன். கடைப் பட்டியலைப் பார்த்து வாங்குவதைவிட அந்த நோட்டைப் பார்த்து வாங்குவது எவ்வளவோ மேல்.

நோட்டில் அதிகம் வந்தது, "இந்த வசனம் எங்கே இருக்கிறது" என்பதுதான். ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கிய அகராதி வேண்டும் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. போனில் தேடினால் வந்துவிடுமே என்று வாலிபர்கள் சொன்னார்கள். வரும், எழுத்துப் பிசகாமல் அடித்தால். மாதர் ஐக்கியத்து அக்காமார் வசனத்தை ஜெபத்தில் கேட்ட மாதிரி அரைகுறையாக நினைவில் வைத்திருப்பார்கள். அச்சுப் புத்தகத்தில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வரிசையாக விரலை ஓட்டினால் கண்ணில் பட்டுவிடும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: அகராதி எந்த மொழிபெயர்ப்பை வைத்துத் தொகுக்கப்பட்டதோ அந்த மொழிபெயர்ப்புக்குத்தான் உதவும். நாங்கள் ஆராதனையில் வாசிப்பது ஹென்றி பவர் குழுவின் 1871ஆம் ஆண்டுத் திருப்புதல் வழி வந்தது. 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே அகராதியில் தேடினால் பாதிச் சொல் கிடைக்காது. ஆங்கிலத்திலும் அதே கதைதான். ஸ்ட்ராங் என்பவர் 1890இல் ஒத்தவாக்கிய அகராதி தொகுத்தது கிங் ஜேம்ஸ் பதிப்புக்காக. அதில் எபிரெய, கிரேக்கச் சொற்களுக்கு அவர் கொடுத்த எண்கள் இன்றும் கைகொடுக்கும். ஆனால் பின்னால் இருக்கும் சிறிய அகராதியை வைத்துக்கொண்டு "மூல பாஷையில் இதற்கு இதுதான் அர்த்தம்" என்று பிரசங்கம் செய்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்.

திருவிவிலியமும் ஒரு பிரதி வாங்கினேன், கத்தோலிக்க வேதாகமத்தில் மட்டும் கூடுதலாக உள்ள இணைத்திருமுறை நூல்கள் சேர்ந்த பதிப்பு. கத்தோலிக்க வேதாகமத்தில் 73 புத்தகம், நம்முடையதில் 66 ஏன் என்ற கேள்வி நோட்டில் வெவ்வேறு கையெழுத்தில் இருந்தது. இந்த ஊரில் கலப்புக் கல்யாணம் இல்லாத குடும்பம் ஏது? தோபித்து, மக்கபேயர் என்றெல்லாம் சொல்கிறார்களே, அது என்ன என்று பிள்ளைகள் எடுத்துப் பார்க்கட்டும்.

இனி நான் அதிக நேரம் செலவழித்த விஷயம், வேதாகம அகராதி, அதாவது வேதாகமத்தில் வரும் ஆட்களையும் இடங்களையும் விளக்கும் நூல். கடைகளில் பளபளப்பான அட்டையோடு, விலையும் மலிவாக, நிறையக் கிடைக்கின்றன. தலைப்புப் பக்கத்தைப் புரட்டி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். மறுபதிப்பு 2015 என்று இருக்கும். உள்ளே சரக்கு ஈஸ்டனுடையது, 1897. அல்லது ஸ்மித்துடையது, 1863. இரண்டுக்கும் இன்று காப்புரிமை கிடையாது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அதற்கு எதற்குக் காசு? அதைவிடப் பெரிய குறை வேறு. சாக்கடல் ஓரம் கும்ரான் குகைகளில் சுருள்கள் கிடைக்கத் தொடங்கியது 1947இல். சிரியாக் கடற்கரையில் ராஸ் ஷம்ரா என்ற இடத்தைத் தோண்டத் தொடங்கியது 1929இல். பாகால் என்ற தெய்வத்தைப் பற்றிய கதைகள் எழுதிய களிமண் பலகைகள் அங்கேதான் கிடைத்தன. கர்மேல் மலையில் எலியா யாரோடு மோதினார் என்பது அதைப் படித்தால் எவ்வளவோ தெளிவாகும். 1897இல் எழுதியவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அதனால் புதிய அகராதி எதுவானாலும் கும்ரான் என்ற தலைப்பு இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். இல்லையென்றால் அங்கேயே கீழே வைத்துவிடுவேன்.

இருந்தால் அடுத்த சோதனை லூக்கா 2:2. சிரேனியு தேசாதிபதியாயிருந்தபோது குடிமதிப்பு எடுத்ததாக அங்கே வருகிறது. யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் சொல்லும் கணக்கில் சிரேனியுவின் குடிமதிப்பு கி.பி. 6. ஏரோது ராஜா இறந்ததோ கி.மு. 4 என்று பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள். மத்தேயு சொல்கிறபடி இயேசு பிறந்தது ஏரோதின் நாட்களில். இரண்டு பற்றுச்சீட்டில் தேதி ஒத்துப்போகவில்லை என்றால் கணக்கு எழுதுகிறவள் கண்ணுக்கு அது உடனே தெரியும். நல்ல நூல் இந்தச் சிக்கலை மறைக்காமல் சொல்லி, இன்னார் இப்படி விளக்குகிறார், இன்னார் அப்படி என்று எடுத்து வைக்கும். மோசமான நூல் சிரேனியு ஒரு ரோம அதிகாரி என்று ஒரு வரியோடு முடித்துக்கொள்ளும். இதே மாதிரி மாற்கு 16ஆம் அதிகாரத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்களையும் பார்ப்பேன். மிகப் பழைய பிரதிகளான சீனாய்ப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் அவை இல்லை. அதைச் சொல்லத் துணியாத விளக்கவுரை எஸ்.பி.எம். என்ற இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு முடித்த பிள்ளைகளுக்குப் பதில் சொல்லாது. அவர்கள் யூடியூபில் எப்படியும் கேட்டுவிடுவார்கள். அங்கே கேட்டுக் குழம்புவதற்கு முன் நம் மேசையில் படித்தால் நல்லது.

விளக்கவுரைகளை முழு செட்டாக வாங்கவே இல்லை. ஒரு செட்டில் எல்லாப் பகுதியும் ஒரே தரமாக இருப்பது அபூர்வம். ஒருவருக்கு ஏசாயா கைவந்திருக்கும், இன்னொருவர் எண்ணாகமத்தை ஏனோதானோ என்று முடித்திருப்பார். அதுவும் போக, சிரம்பானில் இறையியல் கல்லூரி இருக்கிறது. செமினாரி தியோலோஜி மலேசியா 1979இல் தொடங்கியது. பிரசங்கத்துக்குக் கனமான நூல் வேண்டுமென்றால் பாஸ்டர் அங்கே போய்ப் பார்க்கலாம், மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அதை இங்கே அரைகுறையாக நகல் எடுப்பதில் அர்த்தமில்லை. ஒரே தொகுதியாக வந்த தெற்காசிய வேதாகம விளக்கவுரையை மட்டும் வாங்கினேன். 2015இல் வந்தது, ஆங்கிலம்தான். எழுதியவர்கள் நம் பக்கத்து ஆட்கள் என்பதால் சாதி, சீதனம், பல மதத்தாரோடு ஒரே வீட்டில் வாழ்வது எல்லாம் அதில் வருகிறது. மேல்நாட்டு விளக்கவுரைகளில் இதைத் தேடினால் கிடைக்காது.

பல மதம் என்றதும் ஞாபகம் வருகிறது, கமிட்டியில் சத்தம் பெரிதானது இங்கேதான். நூலகங்களில் புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டியூவி முறையில் எண் போட்டேன். 220 வேதாகமம், 220.3 அதன் அகராதிகள், 220.7 விளக்கவுரைகள், 230 இறையியல், 270 திருச்சபை வரலாறு. 1876இல் அமெரிக்காவில் வகுத்த முறை அல்லவா, கிறிஸ்தவத்துக்கு 220 முதல் 280கள் வரை தாராளமாகக் கொடுத்துவிட்டு உலகத்தின் மற்ற எல்லா மதத்தையும் 290களில் நெருக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த 290இல் இந்து சமயத்துக்கு ஒன்று, இஸ்லாத்துக்கு ஒன்று, அந்தந்த மதத்தாரே ஏற்றுக்கொள்ளும் விதத்தில் எழுதிய நூலாக வாங்கினேன். பழைய புத்தகமானாலும் 1910இல் சிங்காரவேலு முதலியார் தொகுத்த கலைக்களஞ்சியமான அபிதான சிந்தாமணியும் அங்கேயே நிற்கிறது.

"ஆலயத்துக்குள்ள இதெல்லாம் எதுக்கும்மா?" என்று மூப்பர் கேட்டார்.

"அங்கிள், உங்க தம்பி வீட்டுல தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறாங்களே, அது எதுக்குன்னு உங்க பேத்தி நோட்டுல எழுதியிருக்கு" என்றேன். எழுதியது பேத்திதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? கையெழுத்து. ஓய்வுநாள் பள்ளியில் என் வகுப்பு. அவர் சிரித்துவிட்டார். ஒப்புக்கொண்டாரா என்பது வேறு விஷயம், புத்தகம் அலமாரியில் இருக்கிறது.

மொழி எங்களுக்குப் பெரிய தலைவலி. பாட்டிக்குத் தமிழ், பாஸ்டருக்குத் தமிழும் ஆங்கிலமும், இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மலாய்தான் வேகமாக ஓடும். மலாயில் உள்ள வேதாகம அகராதிகளில் பல இந்தோனேசியாவில் வந்தவை. சொற்கள் கொஞ்சம் மாறும், பிள்ளைகள் சமாளித்துக்கொள்கிறார்கள். தீபகற்பத்தில் அல்கித்தாப் என்கிற மலாய் வேதாகமம் சிலுவைக் குறியும் "பெனெர்பிதான் கிறிஸ்தியான்" (கிறிஸ்தவ வெளியீடு) என்ற வாசகமும் அச்சிட்டு வரவேண்டும் என்று 2011இல் அரசாங்கம் வகுத்த ஏற்பாடு இருக்கிறது. நாங்கள் பைபிள் சொசைட்டியிடமே வாங்கி, ஆலயத்துக்குள்ளேயே வைத்துக்கொள்கிறோம்.

தமிழ் அகராதிக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, 2020 பதிப்பு. பழைய வேதாகமத் தமிழுக்கு அது போதாது. அதற்கு 1779இல் வேப்பேரியில் அச்சான பப்ரீசியுஸ் அகராதியின் பிந்திய பதிப்பு வேண்டும், அல்லது வின்ஸ்லோ அகராதி, அல்லது சென்னைப் பல்கலைக்கழகத்தின் லெக்சிகன். மூன்றும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசம். ஆறு தொகுதி லெக்சிகனைக் கப்பலில் வரவழைக்கும் காசை மிச்சப்படுத்தி, தளத்துக்குப் போகும் க்யூஆர் கோடை மட்டும் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

கீர்த்தனை எழுதியவர் யார் என்ற கேள்விக்கும் நோட்டில் பஞ்சமில்லை. வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) போன்றவர்களைப் பற்றிய தமிழ்க் கிறிஸ்தவ இலக்கிய வரலாறு ஒன்று அந்தக் குறையைத் தீர்த்தது.

வாங்கும்போது புத்தகத்தின் பைண்டிங்கையும் பாருங்கள். நல்ல புத்தகமானால், நடுவில் விரித்து முதுகின் மேல்முனையைப் பார்த்தால் தாள்கள் மடித்து மடித்துத் தைத்திருப்பது தெரியும். வெறும் பசையில் ஒட்டியது இந்த ஊர் ஈரத்தில் சீக்கிரமே பக்கம் பக்கமாகக் கழன்றுவிடும். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், பூஞ்சணம் அங்கேதான் தொடங்கும். தாளைத் தின்னும் ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போடுகிறோம். கரையானுக்கு அலமாரிக் கால்களைச் சிமெண்டுக் கட்டைமேல் ஏற்றியிருக்கிறோம்.

கடைசித் தட்டு எங்கள் ஊருக்கு. ஜப்பான்காரன் காலத்தில் சிங்கப்பூரிலிருந்து கத்தோலிக்கர்களைக் கொண்டுவந்து பகாவ் காட்டில் குடியேற்றினார்கள். பூஜி கிராமம் என்று பெயர். சுமார் மூவாயிரம் பேர், பெரும்பாலும் யுரேசியர்களும் சீனர்களும். மலேரியா நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. அவர்களோடு வந்த பிஷப் டெவல்ஸ் 1945 ஜனவரியில் டெட்டனஸ் வந்து இறந்தார். சொந்த ஊரில் பிறந்த பிள்ளைகளுக்குக்கூட இது தெரியவில்லை. தப்பியவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய நினைவுகளைத் தேடிச் சேர்க்கிறேன். மூடிய தோட்டங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் இதே தட்டில் வைக்கச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். பிறப்புப் பத்திரத்துக்கு ஆதாரம் தேடி இன்றும் ஆட்கள் வருகிறார்கள். அவை பாஸ்டர் அறையில் பூட்டி இருக்க வேண்டியவை.

எல்லாம் போக 180 வெள்ளி கையில் இருக்கிறது. அதில் வேதாகம நிலப்படப் புத்தகம் ஒன்று வாங்க வேண்டும். பழைய எல்லையும் இன்றைய எல்லையும் ஒரே படத்தில் தெரிய வேண்டும், பவுலின் பயணங்கள் தனித்தனிப் பக்கத்தில் இருக்க வேண்டும், மடித்து ஒட்டிய படம் ஆகாது, பிள்ளைகள் ஒரே வாரத்தில் கிழித்துவிடுவார்கள். பழைய பிரதியானாலும் பரவாயில்லை. யாரிடமாவது இருந்தால் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு ஹாலில் என்னைப் பார்க்கலாம். ரசீது மட்டும் கட்டாயம் வேண்டும்.