இஸ்மேனியைப் படித்தபோது

வகுப்புக்காகத்தான் சோஃபக்ளீஸின் ஆன்டிகனியை எடுத்தேன். 2,400 ஆண்டுகளுக்கும் மேல் பழைய கிரேக்க நாடகம். அரசன் கிரயோனின் தடையை மீறி, இறந்த சகோதரன் உடலுக்கு மண் தூவுகிறாள் ஆன்டிகனி. எல்லாரும் அவளைத்தான் கொண்டாடுகிறார்கள், சரிதான். என்னை உலுக்கியது சகோதரி இஸ்மேனி. முதலில் பயந்து விலகுகிறவள், ஆன்டிகனி பிடிபட்டதும் தனக்கும் இதில் பங்குண்டு என்கிறாள், ஆன்டிகனி அதை ஏற்கவே இல்லை. அங்கேயே புத்தகத்தை மூடிவிட்டேன். என் அக்கா மேற்படிப்புக்காக வீட்டில் தனியாகப் போராடிய அன்று நான் பக்கத்து அறையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன், எல்லாம் முடிந்தபிறகு போய் 'நானும் உன் பக்கம்தான்' என்றபோது அவள் பதிலே சொல்லவில்லை. கிரயோன் இஸ்மேனியை விட்டுவிடுகிறான், ஆனால் அப்புறம் அவள் மேடைக்கு வருவதே இல்லை. நேற்று இரவு அந்தக் காட்சியை அக்காவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன்.