வளர்ச்சிசார் மாற்றுத்திறனாளிகளோடு சேர்ந்து விஆர் பயிற்சியை வடிவமைத்தபோது

பேருந்தில் தனியாகச் சென்றுவரக் கற்றுத்தரும் எங்கள் விஆர் (தலையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, கணினி உருவாக்கிய காட்சிக்குள் இருப்பதுபோல் பழகும் மெய்நிகர் உண்மை) பயிற்சி ஒருவழியாகப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரியவர்கள் சிலர் தொடக்கத்திலிருந்தே வடிவமைப்புக் குழுவின் உறுப்பினர்களாக இருந்து அதை உருவாக்கினார்கள். மென்பொருள் எழுதுவதோ கருவிகள் வாங்குவதோ எங்களை அவ்வளவாகச் சிரமப்படுத்தவில்லை. அவர்களைக் குழுவில் சேர்ப்பதற்குள் அலுவலகங்களும் படிவங்களும், அவர்களுக்குப் பதிலாகப் பேச எந்நேரமும் தயாராக இருந்தவர்களும் எங்களைப் படுத்திய பாடுதான் இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. இதே வேலையில் இறங்கப்போகிறவர்கள் எங்களைப் போல அலைய வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் சிக்கிக்கொண்டது நெறிமுறைக் குழுவின் அலுவலகத்தில். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வு என்பதால் அக்குழுவின் அனுமதி இல்லாமல் எதுவும் தொடங்க முடியாது. அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தும் இல்லை. ஆனால் நெடுநாள் மௌனத்துக்குப் பிறகு எங்கள் விண்ணப்பம் திரும்பி வந்தபோது, ஒப்புதல் படிவம் நிர்ணயிக்கப்பட்ட மாதிரியில் இல்லை என்ற ஒற்றை வரிக் குறிப்பு மட்டுமே அதில் இருந்தது. ஒரு வரிக்கு ஒரு செய்தி, பெரிய எழுத்து, ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கம் ஒரு படம் என்று ஈஸி ரீட் முறையில் அந்தப் படிவத்தைத் தயாரித்திருந்தோம். நேரில் சென்று கேட்டபோது, அங்கிருந்த எழுத்தர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "படம் போட்டதையெல்லாம் படிவம்னு யார் மேடம் ஏத்துக்குவாங்க? அவங்க அப்பா அம்மா கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றார். எங்கள் குழுவில் சேர விரும்பியவர்களில் முப்பது வயதைக் கடந்து வேலைக்குப் போய்வருகிறவர்களும் இருந்தார்கள். யாருக்கும் தனியாகச் சட்டப்படியான பாதுகாவலர் நியமிக்கப்பட்டிருக்கவில்லை.

அடுத்து, ஒவ்வொருவரும் ஒப்புதல் அளிக்கும் தகுதி உடையவர் என்று மருத்துவச் சான்று வேண்டும் என்றார்கள். வேறு எந்த ஆய்வில் கலந்துகொள்ளும் பெரியவரிடமும் இப்படிக் கேட்பதில்லை. இந்த இடத்தில் வாதாடி நேரத்தை இழக்காமல், ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவதே பயன் தந்தது. ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, சட்டத்தின் முன் மற்றவர்களுக்கு இணையான தகுதி அவர்களுக்கும் உண்டு என்றும், அதைப் பயன்படுத்தத் தேவைப்படும் உதவியை அரசுகள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. அவர்களைப் பாதிக்கும் முடிவுகளில் அவர்களையே கலந்தாலோசித்து ஈடுபடுத்த வேண்டும் என்கிறது 4-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. மருத்துவ ஆய்வாளர்கள் 1964 முதல் பின்பற்றிவரும் ஹெல்சிங்கி பிரகடனமோ இன்னும் ஒரு படி மேலே போகிறது: சட்டப்படி ஒப்புதல் தர இயலாதவர் என்று ஒருவர் கருதப்பட்டாலும், தன் இசைவைத் தெரிவிக்க அவரால் முடியுமானால் அதையும் பெற வேண்டும், அவர் மறுத்தால் மதிக்க வேண்டும். இந்த மூன்றையும் மேற்கோள் காட்டி ஒரு பக்கக் கடிதம் எழுதி, அவர்கள் கேட்ட மாதிரிப் படிவத்தை முன்னால் வைத்து, எங்கள் படப் படிவத்தை இணைப்பாகச் சேர்த்தோம். படப் படிவத்தைப் 'பதிலாக' என்று எழுதாமல் 'கூடுதலாக' என்று எழுதியதும் அலுவலகம் அதைக் கோப்பில் சேர்த்துக்கொண்டது. இதைச் செய்ய நினைப்பவர்கள் முதல் முறையே இரண்டையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

அந்த அலைச்சலில் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியாதது ஒன்று உண்டு. நெறிமுறைக் குழுவின் கூட்டத்தில் தங்கள் விருப்பத்தைத் தாங்களே சொல்ல இருவர் முன்வந்திருந்தார்கள். அவர்களில் ஆட்டிசம் உள்ள இளைஞர் ஒருவர், நாள்காட்டியில் அந்தத் தேதியை வட்டமிட்டு, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்த அறை, யார் முதலில் பேசுவது என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதித் தயாராக வந்திருந்தார். போதிய உறுப்பினர்கள் வராததால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டதை நாங்கள் வாசலுக்குப் போன பிறகுதான் சொன்னார்கள். திட்டமிட்ட ஒன்று திடீரென்று மாறுவது அவருக்கு எவ்வளவு கடினம் என்பதை முன்கூட்டியே கடிதத்தில் தெரிவித்திருந்தும், முந்தைய நாள் ஒரு தொலைபேசி அழைப்புக்கூட வரவில்லை. அவர் அந்தத் தாளைக் கையில் பிடித்தபடி முதல் வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றார். அடுத்த கூட்டத்துக்கு வர அவர் சம்மதிக்கவில்லை. மற்றவர் மட்டும் வந்து பேசினார், அனுமதியும் கிடைத்தது. கூட்டம் உறுதியா என்பதை முந்தைய நாளே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரத்தானால் என்ன செய்வது என்ற இரண்டாவது திட்டத்தையும் பங்கேற்பாளரிடம் அதே தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மதிப்பூதியம் அடுத்த தொல்லை. வடிவமைப்பு ஆலோசகர்களுக்குத் தரும் அதே விகிதத்தில் இவர்களுக்கும் தர வேண்டும் என்று வரவுசெலவுத் திட்டத்திலேயே எழுதியிருந்தோம். கணக்குப் பிரிவோ, பணத்தைப் பெற்றோர் கணக்கில் போடலாம், அல்லது ஏதாவது பரிசுப் பொருளாகக் கொடுத்துவிடலாம் என்றது. விடாமல் நின்று அவரவர் கணக்குக்கே பணம் போகச் செய்தோம். சிலருக்கு வங்கிக் கணக்கே இல்லை; அதைத் தொடங்க ஆகும் காலத்தையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். அரசு உதவித்தொகை பெறுகிறவர்களுக்கு இந்த வருமானத்தால் அது நின்றுவிடுமா என்பதையும் பணம் தருவதற்கு முன்பே விசாரித்துச் சொல்லிவிட வேண்டும். உடன் வரும் உதவியாளரின் பயணச் செலவைத் திட்டத்தில் சேர்க்க மறக்காதீர்கள்.

அனுமதி கிடைத்த பிறகு ஆள் சேர்ப்பு சிரமமில்லாமல் முடிந்தது. ஹெட்செட்டை அணிவிப்பதற்கு முன் கேட்க வேண்டியவை மட்டும் சில உள்ளன. வளர்ச்சிசார் குறைபாடு உள்ளவர்களிடம் வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுவதால், அதைப் பற்றித் தவறாமல் கேட்க வேண்டும். காட்சியில் எதுவும் ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்திருக்கும். அரைக் கிலோ அளவு எடையைத் தலையில் மாட்டித் திரும்பிப் பார்க்கச் சொல்வதற்கு முன் அவர்களின் மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது. மாறுகண் உள்ளவர்களுக்கு முப்பரிமாண ஆழம் சரியாகத் தெரியாமல் போகலாம் என்பதால், பேருந்தின் தூரத்தை ஆழத்தை மட்டும் வைத்து ஊகிக்கும்படி காட்சியை அமைக்கக் கூடாது.

விஆரால் வரும் தலைசுற்றலை அளவிட வழக்கமாகப் பயன்படுத்தும் கேள்வித்தாள் 1993-இல் உளவியல் ஆய்வாளர் ராபர்ட் கென்னடியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டது. ராணுவ விமானிகளின் பயிற்சிக் கருவிகளிலிருந்து கிடைத்த தரவுகளைக் கொண்டு உருவானது. பதினாறு அறிகுறிகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைகள். அதை அப்படியே நிரப்பித் தர வேண்டும் என்று நிதி தந்த நிறுவனம் வற்புறுத்தியது. 'கண் அயர்ச்சி', 'மனக் குவிப்பில் சிரமம்' போன்றவற்றை நான்காகப் பிரித்துச் சொல்வது எங்கள் உறுப்பினர்கள் பலருக்கு இயலாது. ஓர் உடல் படத்தை வைத்து, எங்கே ஒரு மாதிரியாக இருக்கிறது என்று விரல் வைக்கச் சொன்னோம். முகம் வெளுக்கிறதா, வியர்க்கிறதா, பேச்சு குறைகிறதா என்று ஒருவர் கூடவே கவனித்துக் குறித்தார். வயிற்றில் விரல் வைத்த பெண் ஒருவர் வாயால் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கேள்வித்தாளை மட்டும் நம்பியிருந்தால் அவர் நலமாக இருந்ததாகவே அறிக்கை போயிருக்கும்.

இந்த "நல்லா இருக்கு" என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படி கேட்டால் 'ஆம்' என்ற பக்கமே சாய்வதாக ஆய்வாளர் கேரல் சிகல்மன் 1981-இலேயே எழுதினார். அது அவர்களின் இயல்பு அல்ல, கேட்கும் முறையும் கேட்பவருக்கு இருக்கும் அதிகாரமும் அந்தப் பதிலை வரவழைக்கின்றன என்று மார்க் ராப்லியும் சார்லஸ் அன்டாக்கியும் 1996-இல் வாதிட்டார்கள். எங்கள் அறையில் நான் பார்த்தது இரண்டாவது கருத்துக்கே வலு சேர்த்தது. "இந்தக் காட்சி பிடித்திருக்கிறதா?" என்று கேட்டபோது எல்லாரும் தலையசைத்தார்கள். இரண்டு படங்களை மேசையில் வைத்து, எதை வைத்துக்கொள்வது, எதைக் குப்பைக் கூடையில் போடுவது என்று கேட்டபோது வாக்குவாதமே மூண்டது. படங்களின் இடத்தை மாற்றிவைத்து மறுபடி கேட்கவும் வேண்டும். கடைசியாகச் சொன்னதையே தேர்ந்தெடுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. எல்லாரிடமும் ஒரு சிவப்பு அட்டை இருந்தது; அதைத் தூக்கினால் யாரும் காரணம் கேட்காமல் நிறுத்திவிட வேண்டும். முதல் நாள் நாங்களே ஒருவருக்கொருவர் அதைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் அவர்கள் அதைத் தொட்டார்கள்.

உடன் வருகிறவர்கள் முந்திக்கொண்டு பதில் சொல்வதை நிறுத்துவதுதான் மிகவும் கடினமாக இருந்தது. "இவனுக்கு எல்லாமே பிடிக்கும் மேடம், நீங்க எழுதிக்கோங்க" என்று சொன்ன அம்மாவின் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்பு அறையில் இருக்கும்வரை மகன் வாய் திறக்கவில்லை. உதவியாளர்களுக்கு அடுத்த அறையில் தனிக் கூட்டம் வைத்து, அவர்கள் கருத்தைத் தனியாக எழுதிக்கொண்டோம். கதவைத் திறந்தே வைத்திருந்தோம். வேண்டுமென்றால் உடனே கூப்பிடலாம் என்று இரு தரப்புக்கும் சொல்லியிருந்தோம்.

பயிற்சியின் உள்ளடக்கமே மாறியதும் அப்படி ஒரு நாளில்தான். நிதி தந்தவர்களின் ஆவணத்தில் நான்கு பாடங்கள் வரையறுக்கப்பட்டிருந்தன: ஏறுவது, பயணச்சீட்டு வாங்குவது, உட்காருவது, இறங்குவது. ஹெட்செட்டுக்கு முன்பாக, நாற்காலிகளை வரிசையாகப் போட்டு அட்டைப்பெட்டியில் கதவு செய்து நடித்துப் பார்த்தோம். டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பெண் ஒவ்வொரு முறையும் ஏறி, ஜன்னலோரம் இருந்த இரண்டாவது நாற்காலியிலேயே உட்கார்ந்தார். அதில் வேறொருவர் உட்கார்ந்திருந்தபோது அவர் ஏறவே இல்லை. வெளியே நின்று நாற்காலியைக் காட்டினார். அவருக்கு ஏறத் தெரியும், பயணச்சீட்டு வாங்கவும் தெரியும். வழக்கமான இடம் கிடைக்காதபோது என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. அதைப் பார்த்த மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள்: பேருந்து வராவிட்டால், நிறுத்தத்தைத் தவறவிட்டால், யாராவது முறைத்துப் பார்த்தால், கைப்பேசி அணைந்துவிட்டால். எல்லாம் சரியாக நடக்கும் பயணத்தை அவர்கள் ஏற்கெனவே கற்றிருந்தார்கள். சரியாக நடக்காத பயணத்தை ஆபத்தில்லாமல் பழகிப் பார்க்கத்தான் விஆர் வேண்டியிருந்தது. இதை ஆவணத்தில் மாற்றி எழுத நிதி தந்தவர்கள் முதலில் மறுத்தார்கள். அட்டைப் பேருந்தின் காணொளியை, அந்தப் பெண்ணின் அனுமதியோடு, அவரையே உடன் வைத்துக்கொண்டு காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள்.

மென்பொருள் நிறுவனத்தோடு வந்த உரசல்களும் ஏறக்குறைய அதே வகை. சரியாகச் செய்தால் வானவில்லும் நட்சத்திரமும் கைத்தட்டலும் வருமாறு செய்திருந்தார்கள். "நாங்க சின்னப் பிள்ளைங்க இல்லை" என்று எங்கள் உறுப்பினர் ஒருவர் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தார்; அடுத்த பதிப்பில் அவை நீக்கப்பட்டன. உடல் அப்படியே இருக்க, சுட்டிய இடத்துக்குக் காட்சி தாவும் டெலிபோர்ட் முறை பலரைக் குழப்பியதால், உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் செய்யும்படி மாற்றினோம். பேருந்து ஓடும் காட்சிதான் பெரிய சிக்கல்: கண் அசைவைக் காண்கிறது, உட்காதோ உடல் அசையவில்லை என்கிறது, குமட்டல் வருகிறது. ஓட்டத்தைச் சில விநாடிகளாகக் குறைத்து, திரை மெல்ல இருண்டு அடுத்த நிறுத்தத்தில் விடியும்படி வைத்தோம். ஒப்பந்தத்தில் 'பயனர் சோதனைக்குப் பின் திருத்தங்கள்' என்று தனியாக ஒரு தொகை இல்லாவிட்டால் இவற்றுக்கெல்லாம் கூடுதல் பணம் கேட்பார்கள். எங்களிடம் கேட்டார்கள், கொடுக்க வேண்டியதாயிற்று.

ஹெட்செட்டில் நன்றாகச் செய்கிறவர் தெருவிலும் அப்படியே செய்வார் என்று யாருக்கும் உறுதி கொடுக்காதீர்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் இருவர் விஆர் தலைக்கவசத்தை ஏற்றுக்கொண்டு மெய்நிகர் தெருவில் வாகனங்களை அடையாளம் கண்டதை டோரத்தி ஸ்ட்ரிக்லாண்டும் உடன் ஆய்வாளர்களும் 1996-இல் பதிவுசெய்தது முதல் இந்தக் கேள்வி தொடர்கிறது. எங்கள் பயிற்சியில் ஒவ்வொரு பாடத்துக்குப் பிறகும் உதவியாளரோடு உண்மையான பேருந்துப் பயணம் ஒன்று கட்டாயம் உண்டு.

இரண்டாம் கட்டத்துக்கான திருத்த விண்ணப்பத்தைக் கடந்த மாதம் கொடுத்தோம். படப் படிவத்தைப் பற்றி அலுவலகம் இம்முறை எதுவும் கேட்கவில்லை. ஆனால் வடிவமைப்பாளர்கள் பட்டியலில் எங்கள் உறுப்பினர்களின் பெயர்களைக் கண்டு, அவர்களின் கல்வித் தகுதிச் சான்று எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். முதல் கட்டத்தில் யார் எந்தக் காட்சியை மாற்றினார்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் எழுதிவைத்த குறிப்பேட்டின் நகலைப் பதிலாக அனுப்பியிருக்கிறோம். நீங்களும் முதல் கூட்டத்திலிருந்தே அப்படி ஒரு குறிப்பேட்டை எழுதி, அவரவர் பெயருக்கு எதிரே அவரவர் ஒப்பத்தையோ முத்திரையையோ வாங்கி வைத்துவிடுங்கள்.