லிப்விர்ட் டிசிகே ஆவணங்களை ஆர்எஸ்டி-க்கு மாற்றிப் பார்த்த குறிப்புகள்

விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் நூலகம் லிப்விர்ட். அவற்றை இயக்கும் மென்பொருளான ஒரு ஹைப்பர்வைசருக்கான லிப்விர்ட் டிரைவர் எதிர்பார்த்தபடி நடக்கிறதா என்று பார்க்கும் சோதனைத் தொகுப்புதான் லிப்விர்ட் டிசிகே. பெரும்பகுதி பெர்ல். டொமைனை (லிப்விர்டில் விர்ச்சுவல் மெஷினுக்கு இதுதான் பெயர்) உருவாக்குவது, நிறுத்துவது, மறுவரையறை செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 'டாட் டி' கோப்பு இருக்கும். ஆவணங்கள் இரண்டு இடத்தில் உள்ளன. திட்டத்தை அறிமுகப்படுத்தும் ரீட்மீ வெறும் உரைக் கோப்பாக இருந்தது. ஒவ்வொரு சோதனைக் கோப்பின் தலையிலும் பெர்லுக்கே உரிய பாட் வடிவத்தில் ஒரு சிறு விளக்கம். ரீட்மீ வெறும் உரையாக இருந்த பழைய நகலை எடுத்து, இரண்டையும் ஆர்எஸ்டி (ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட்) என்ற குறியீட்டு வடிவத்துக்குக் கொண்டுவந்த வேலை இது.

ஏன் மார்க்டவுன் இல்லை? அந்தக் குறியீட்டு வடிவம் எளிது, ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் லிப்விர்ட் 2019-20 வாக்கிலேயே தன் கட்டளைக் கருவியான விர்ஷின் கையேட்டைப் பாட்-இலிருந்து ஆர்எஸ்டி-க்கு மாற்றிவிட்டது. க்யூஈஎம்யூ என்ற எமுலேட்டரும் டெக்ஸ்இன்ஃபோ வடிவத்தை விட்டு அதே பக்கம் வந்தது. ஒரே கருவிகளை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளலாம். எச்சரிக்கைப் பெட்டி, கட்டளைத் தெரிவுகளின் பட்டியல், அட்டவணை எல்லாம் மொழியிலேயே இருக்கின்றன.

முதல் அமர்வில் ரீட்மீ கோப்பின் பெயர் மாற்றம் மட்டும். மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியில் 'கிட் எம்வி' போட்டு, உள்ளே ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல் ஒரு கமிட் (மாற்றப் பதிவு). உள்ளடக்கம் அடுத்த கமிட்டில். இரண்டையும் சேர்த்துச் செய்து பாதிக்கு மேல் மாறிவிட்டால், கிட் அதைப் பெயர் மாற்றமாகவே எடுத்துக்கொள்ளாது, பழைய வரிகளின் வரலாறு அறுந்துபோகும். பழைய பெயர் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று கிரெப் கட்டளையால் தேடிப் பார்ப்பதும் அன்றே முடிய வேண்டும். கோப்புப் பட்டியலான மேனிஃபெஸ்டும், ஆர்பிஎம் நிறுவல் தொகுப்பை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் ஸ்பெக் கோப்பில் உள்ள 'டாக்' வரியும் கண்டிப்பாகச் சிக்கும். ஸ்பெக்கை விட்டுவிட்டால் ஆர்பிஎம் கட்டும் வேலை, தொகுத்தல் எல்லாம் முடிந்த பிறகு, கோப்பு இல்லை என்று நின்றுவிடும்.

இரண்டாம் அமர்வு, ரீட்மீ. ஆர்எஸ்டி-யைப் பக்கமாக்கும் டாக்யூட்டில்ஸை '--ஸ்ட்ரிக்ட்' தெரிவோடு ஓட்டினால் சின்னச் சிக்கலுக்கும் நின்றுவிடும், அது நல்லதுதான். உரைக்கு நடுவே '*.டி' என்று எழுதினால் நட்சத்திரத்தைச் சாய்வெழுத்தின் தொடக்கமாக நினைத்து, முடிவு எங்கே என்று கேட்கும். சூழல் மாறிகளின் முன்னொட்டை 'லிப்விர்ட்_டிசிகே_' என்று கடைசியில் அடிக்கோட்டோடு விட்டால் அதை இணைப்பு என்று எடுத்துக்கொண்டு, அப்படி ஓர் இலக்கே இல்லை என்று சொல்லும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், இருபுறமும் இரட்டை பேக்டிக் (``). இப்படிப்பட்ட பிழைகள் அரை மணியில் தீர்ந்துவிட்டன.

நேரம் தின்றவை சத்தமே போடாத பிழைகள். நிறுவும் பகுதியில் மூன்று கட்டளைகள் உள்தள்ளி இருந்தன: 'பெர்ல் பில்ட்.பிஎல்', './பில்ட்', './பில்ட் இன்ஸ்டால்'. முந்தைய வரியின் முடிவில் :: போடாமல் வெற்று வரி மட்டும் விட்டிருந்தால், ஆர்எஸ்டி அதை மேற்கோள் பத்தியாக எடுத்து மூன்றையும் ஒரே வரியாக ஒட்டிவிடும். விதிப்படி அது சரியான ஆர்எஸ்டி என்பதால் ஸ்ட்ரிக்ட் வாய் திறக்காது. படிப்பவர் அப்படியே நகலெடுத்து ஒட்டினால் முதல் கட்டளை மட்டும்தான் ஓடும். மற்றவை அதன் ஆர்குமென்ட்களாகப் போய்விடும். சாதாரணப் பத்தியில் வரும் '--ஃபோர்ஸ்' போன்ற தெரிவுகளில், ஆர்எஸ்டி-யிலிருந்து ஆவணத் தளம் உருவாக்கும் ஸ்ஃபிங்க்ஸ் தன் இயல்பான அமைப்பில் இரண்டு சிறு கோடுகளையும் சேர்த்து ஒரு நீளக் கோடாக்கிவிடும். கண்ணுக்கு அழகு, டெர்மினலில் பிழை. 'ஸ்மார்ட்கோட்ஸ்' அமைப்பை அணைக்கலாம். ஆனாலும் தெரிவுகளை இரட்டை பேக்டிக்குள் வைப்பதே சரியான வழி. மார்க்டவுன் பழக்கத்தில் ஒற்றை பேக்டிக் போட்டால் அது நிரலாகாமல் சாய்வெழுத்தாக வரும், அதற்கும் எச்சரிக்கை கிடையாது.

எல்லாவற்றிலும் மோசமானது ஒரு முக்காற்புள்ளி. டிசிகே, ரூட் அனுமதியோடு டொமைன், நெட்வொர்க், ஸ்டோரேஜ் பூல் எல்லாவற்றையும் உருவாக்கி அழிக்கும் தொகுப்பு. வேலைக்கு வைத்திருக்கும் இயந்திரத்தில் ஓட்டாதீர்கள் என்ற பத்தியைத்தான் எச்சரிக்கைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். '.. வார்னிங்::' என்று இருக்க வேண்டிய இடத்தில் '.. வார்னிங்:' என்று ஒற்றையாக விழுந்தால் ஆர்எஸ்டி-க்கு அது வெறும் கமென்ட். பத்தி முழுவதும் பக்கத்திலிருந்து காணாமல் போகும், ஒரு செய்தியும் வராது. அதனால் பழைய கோப்பையும், புதியதைப் பான்டாக் என்ற வடிவமாற்றி வழியே வெறும் உரையாக்கியதையும் வைத்து, கிட்டின் சொல்வாரி டிஃப் (வேறுபாட்டுப் பட்டியல்) எடுப்பது கட்டாயம். வரி டிஃப் உதவாது. பத்தி மடிப்பு மாறியதால் எல்லா வரியும் சிவப்பாகத் தெரியும்.

மூன்றாம் அமர்வு, பாட் பகுதிகள். பாட்2ஆர்எஸ்டி கருவி பெரும்பாலானதை ஒழுங்காக மாற்றும். சிக்கல் இரண்டு இடத்தில். பாட்-இல் தடித்த எழுத்துக்குள் நிரல் எழுத்து வைக்கலாம், ஆர்எஸ்டி-யில் ஒன்றுக்குள் ஒன்று வைக்க முடியாது. ஏதாவது ஒன்றைக் கைவிட வேண்டும், நிரல் எழுத்தையே வைத்துக்கொள்வது நல்லது. அடுத்தது, முடிவுக் குறிக்குப் பின் இடைவெளியோ நிறுத்தற்குறியோ இல்லாமல் எழுத்து ஒட்டி வந்தால் குறி வேலை செய்யாது. தமிழில் ஆர்எஸ்டி எழுதுகிறவர்களை இது வரிக்கு வரி மறிக்கும், ஏனென்றால் நமக்கு வேற்றுமை உருபு ஒட்டித்தான் வரும். '``டொமைன்``ஐ' வேலை செய்யாது. சிறு கோடு போட்டு '``டொமைன்``-ஐ' என்று எழுத வேண்டும், அல்லது நடுவே பின்சாய்கோடும் ஓர் இடைவெளியும் விட வேண்டும்.

தமிழ்த் தலைப்பின் அடிக்கோடும் இப்படித்தான். ஆர்எஸ்டி-யில் தலைப்புக்குக் கீழே அதன் நீளத்துக்குக் குறையாமல் கோடு போட வேண்டும். 'கட்டமைப்பு' கண்ணுக்கு ஆறு எழுத்து, ஆனால் யூனிகோடில் பத்து குறியீடுகள். டாக்யூட்டில்ஸ் புள்ளி இரண்டையும் கழித்துவிட்டு உயிர்மெய்க் குறிகளைத் தனித்தனியாக எண்ணுவதால் எட்டுக் கோடு கேட்கும். ஆறு போட்டால் அடிக்கோடு குட்டை என்று எச்சரிக்கும். 'சோதனை' என்பதற்கு மூன்று கோடு போட்டாலோ அதைத் தலைப்பாகவே எடுக்காது. எண்ணிக்கொண்டிருக்காமல் தாராளமாக இருபது கோடு போட்டுவிடலாம். நீளம் கூடினால் தவறில்லை.

கடைசி அமர்வில், உருவான பக்கத்திலிருந்து ஒவ்வொரு கட்டளையையும் மவுஸால் நகலெடுத்து, நெஸ்டட் விர்ச்சுவலைசேஷன் (ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் இன்னொன்றை ஓட்டும் வசதி) இயக்கிய ஒரு தற்காலிக விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓட்டியாயிற்று. மூலக் கோப்பிலிருந்து நகலெடுத்தால் ஒட்டிக்கொண்ட வரியும் நீண்ட கோடும் தெரியவே தெரியாது. மிச்சம் இருப்பது டிரைவர் வாரியான முடிவு அட்டவணை. கட்டம் போட்டு வரைந்த வடிவத்தில் ஒரு சொல் நீண்டாலும் அட்டவணை உடைகிறது. அதனால் தனி சிஎஸ்வி கோப்பில் வைத்து 'சிஎஸ்வி-டேபிள்' வழியே இழுத்துக்கொள்வதாகத் திட்டம். அது ரீட்மீக்குள் வராது, ஸ்ஃபிங்க்ஸ் பக்கத்தில்தான் வரும். கிட்ஹப்பில் ரீட்மீயைக் காட்டும்போது வெளிக்கோப்பைச் சேர்க்க அனுமதி கிடையாது.