நிறத்துக்கு அடியில் இருக்கும் பூச்சு

தெற்குக் கலிஃபோர்னியாவில், ஆர்வலர்கள் தம் கையாலேயே கட்டிய சிறு விமானங்களைப் பராமரிக்கும் பணியில் இருக்கிறேன். துணி உறைக்கு மறுவண்ணம் பூச வருவோர் பெரும்பாலும் நிறத்தைப் பற்றியே பேசுவார்கள். எனக்கோ அந்த நிறத்துக்கு அடியில் உள்ள வெள்ளிப் பூச்சின் நிலை தெரியும்வரை வேலையைத் தொடங்க மனம் வராது.

முற்காலத்தில் விமானங்களைப் போர்த்திய பருத்தித் துணியும் லினன் துணியும் ஈரத்தில் மக்கிப்போகும். இன்றைய பாலியஸ்டர் துணி அப்படி மக்குவதில்லை. அதன் பகை வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்தான். அதைத் தடுப்பதற்காகவே அலுமினியத் தூள் கலந்த இந்த வெள்ளிநிறப் பூச்சு நிறத்துக்குக் கீழே இடப்படுகிறது. இந்தப் பாலியஸ்டர் முறையைப் பரவலாக்கிய ரே ஸ்டிட்ஸ் எங்கள் பக்கத்து ரிவர்சைடு ஊர்க்காரர் என்பதில் இங்குள்ளவர்களுக்குத் தனிப் பெருமை உண்டு.

அண்மையில் ஒரு பீட்டன்போல் ஏர் கேம்பர் விமானம் வந்தது. மரச் சட்டத்தின் மேல் துணி போர்த்திய, 1920களின் இறுதியில் உருவான வடிவம் அது. கொட்டகையை இருட்டாக்கி, உடற்பகுதிக்குள் விளக்கை நுழைத்து வெளியிலிருந்து பார்த்தோம். பரப்பின் நடுவில் ஒளி கசியவில்லை. சட்டக் குச்சிகளை ஒட்டிய நாடாக்களின் ஓரங்களில் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. துணி மேடாக நிற்கும் இத்தகைய இடங்களில்தான் உப்புத்தாள் மிக வேகமாக அறுக்கும். முன்பு தேய்த்தவர் அங்கே வெள்ளிப் பூச்சைத் தேய்த்து மெலியவிட்டிருந்தார். இறக்கைகளில் விலாக்கள் எனப்படும் குறுக்குச் சட்டங்களோடு துணியைப் பிணைக்கும் தையல் நூலுக்கும் இதே ஆபத்து உண்டு என்பதால், மேடான இடம் எதையும் நான் விரல் நுனியால் மட்டுமே தேய்க்கிறேன்.

நல்ல வேளையாக, மேலே இருந்தது இறுகிப் பிணையாத வினைல் வண்ணம். எத்தனை ஆண்டு கழித்தும் அது கரைப்பானுக்கு இளகும்; புதிய பூச்சும் பழையதோடு கரைந்து ஒன்றாகும். துடைக்கும் துணியைக் கரைப்பானில் நனைத்துத் துடைத்து நிறத்தை எடுத்தோம், ஆனால் அடிப்பூச்சுகளும் அதே கரைப்பானில் இளகும் என்பதால் ஓரிடத்தில் நெடுநேரம் ஊறவிடவில்லை. பளபளப்புக்காக, இறுகிப் பிணையும் பாலியூரித்தேன் வண்ணம் கேட்கும் உரிமையாளர்களிடம் இந்த வேறுபாட்டை நான் வற்புறுத்திச் சொல்வேன். இறுகிய பூச்சில் சிறு கிழிசலுக்கு ஒட்டுப் போடுவதற்குக்கூடச் சுற்றிலும் வண்ணத்தைத் தேய்த்தெடுத்தாக வேண்டும். அடுத்த முறை பழுதுபார்ப்பவர் யாராயினும், அவருக்கு வழிவிட்டுப் பூசுவதே முறையான வேலை என்று நினைக்கிறேன்.

மெலிந்த இடங்களில் வெள்ளிப் பூச்சைக் குறுக்கும் நெடுக்குமாக மீண்டும் தெளித்து, உலர்ந்தபின் மறுபடியும் விளக்கைப் பிடித்து, கசிவு நின்றதை உறுதிசெய்த பிறகே நிறத்துக்குப் போனோம். ஏர் கேம்பர் இயல்பாகவே வால் கனக்கும் வகை. வாலில் கூடும் ஒவ்வொரு படலமும் எடை மையத்தைப் பின்னுக்கு இழுக்கும். ஆகவே வாலுக்கு மறைக்கும் அளவு மட்டுமே நிறம் கொடுத்து, விமானத்தை மீண்டும் எடைபோட்டு, புதிய கணக்கை அதன் ஏட்டில் பதிந்து உரிமையாளரிடம் ஒப்படைத்தோம்.